வெறும் கம்பியே 20 கிலோ பாஸ்!

பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் சுத்துற திருவண்ணாமலைப் பசங்க நாம. ஆனா, ஜிம்முக்குள்ள நுழைஞ்சா காலையே மறந்துடுறோம். கண்ணாடி முன்னாடி பைசெப்ஸ் மட்டும்தான்!

நானும் அப்படித்தான். பக்கத்துல ஒருத்தன் பார்க்கிறானேன்னு எடுத்த எடுப்பிலேயே 80 கிலோ டெட்லிஃப்ட். முதுகு வளைஞ்சுது. ரெண்டு வாரம் கிளாஸ் பெஞ்ச்ல உட்கார முடியலை.

பக்கத்து ஊர் வேலூர், சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். ஸ்நாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, மொத்தம் 328 கிலோ! 2018-ல் கோல்டு கோஸ்ட்டிலும் தங்கம். அந்த எடையைக் கிளப்புறது வெறும் கையில்லை, தொடையும் இடுப்பும்தான்.

இப்போ வெறும் கம்பியோட ஸ்குவாட் ஆரம்பிச்சிருக்கேன். ஃபார்ம் சரியா இருந்தா மட்டும் வாரத்துக்கு 2.5 கிலோ கூடுது. சிரிக்கிறவன் சிரிக்கட்டும். முதுகு நம்மளுது பாஸ்!