தண்டவாளம் எட்டாத மாவட்டங்கள்

மலேசியத் தோட்டப்புறத் தமிழர் நகருக்குக் குடிபெயர்ந்த கதையைச் சொல்லும்போது தோட்டத் துண்டாடல், செம்பனை, குறைந்த சம்பளம் என்று காரணங்களை அடுக்குகிறோம். பஸ்ஸை யாரும் அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. சிலாங்கூரின் வடகோடியான சுங்கை ஆயர் தாவார் அமைந்திருக்கும் சபாக் பெர்ணம் மாவட்டத்திலும், அதற்குத் தெற்கே கோலாசிலாங்கூரிலும் இன்று பயணிகள் ரயில் கிடையாது. ஐந்தாம் எண் கூட்டரசு சாலைதான் உயிர்நாடி. தோட்டத்தில் வீடும் வேலையும் ஒட்டியே இருந்தன. லயத்து வீட்டிலிருந்து பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, நடந்தே போகலாம். வேலை போனால் வீடும் போகும். அந்தக் கட்டு அவிழ்ந்தபின் ஒருவர் எங்கே குடியிருப்பார் என்பதைச் சம்பளத்தைப் போலவே போக்குவரத்தும் தீர்மானிக்கிறது. கோலாலம்பூரின் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தமிழர் குடியேறியதே ரயில்வே வேலையால்தானே.

மனிதர் எந்த ஊரில் வாழ்ந்தாலும் நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரமே பயணத்துக்குச் செலவிடுகிறார்கள், வாகனம் வேகமானால் ஊர்தான் விரிகிறது என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்கெட்டி 1994இல் எழுதினார். இந்தக் கணக்கை நம் பக்கம் போட்டுப் பார்க்கலாம். சுங்கை பூலோவில் 2016 டிசம்பரில் எம்.ஆர்.டி. ரயில் ஓடத் தொடங்கியதும், அங்கே குடியிருப்பவருக்குக் கோலாலம்பூர் வேலைகள் இன்னும் எளிதாகக் கைக்கெட்டின. மாதம் 50 ரிங்கிட் ‘மை50’ அட்டை இருந்தால் ரேபிட் ரயில், பஸ்களில் எத்தனை முறையும் ஏறலாம். கோலாசிலாங்கூர் மாவட்டத்தின் இஜோக்கிலோ புக்கிட் ரோத்தானிலோ இருப்பவருக்கு அந்த ரயிலைப் பிடிக்கவே தனியாக ஒரு வாகனம் வேண்டும். ஆக, பொதுப்பணத்தில் தரும் சலுகை, நிலையத்தருகே வாடகை கொடுக்க முடிந்தவருக்கே முழுதாகப் போய்ச் சேர்கிறது. முடியாதவர் நகரில் ஓர் அறைக்கு ஒண்டுக்குடித்தனம் போகிறார், அல்லது ஊரிலேயே கிடைத்த வேலையோடு நின்றுவிடுகிறார்.

‘அங்கே பஸ் விட்டால் ஏற ஆளில்லை’ என்பார்கள். எப்போது வரும் என்று தெரியாத பஸ்ஸை நம்பி யார் வேலைக்குச் சேர்வார்? ஆளில்லாமை ஓரளவு அந்தச் சேவையே உண்டாக்கியதுதான். ‘எல்லார் வீட்டிலும் மோட்டார் சைக்கிள் இருக்கிறதே’ என்பது இன்னும் வலுவான வாதம். உண்மைதான், ஆனால் இந்நாட்டுச் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்களே. 2011இல் திறந்த லத்தார் எனும் கோலாலம்பூர்–கோலாசிலாங்கூர் நெடுஞ்சாலையும் கார் வைத்திருப்பவருக்குத்தான் தூரத்தைக் குறைத்தது.

சுங்கை ஆயர் தாவாரிலிருந்து தலைநகருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். எந்தப் பஸ்ஸும் அதைத் தினசரிப் பயணமாக்காது. ரயில் கேட்பதும் வீண். கேட்க வேண்டியது சங்கிலித் தொடராக ஓடும் பஸ்: சபாக் பெர்ணத்திலிருந்து சுங்கை பெசார், தஞ்சோங் காராங் வழியே கோலாசிலாங்கூர், அங்கிருந்து ஒரு கிளை சுங்கை பூலோ நிலையத்துக்கு, மற்றொன்று கிள்ளானுக்கு. பணமில்லை என்று சொல்ல முடியாது. மாநில அரசு 2015 முதல் இலவசப் பஸ்களை ஓட்டிவருகிறது. அவை பெரும்பாலும் ஊராட்சி எல்லைக்குள் சுற்றுபவை, வேலையோ எல்லை தாண்டி இருக்கிறது. நேர அட்டவணையைத் தொழிற்சாலையின் ஷிப்ட் மாறும் நேரத்தோடு பொருத்தினால், வீட்டை விடாமலே கிள்ளானில் ஒரு வேலையை ஏற்கலாமா என்று கோலாசிலாங்கூர்ப் பெண் யோசித்துப் பார்க்கவாவது முடியும்.