திரியைத் தூண்டுமுன் சிமினியைத் துடையுங்கள்

மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்புகிற நவம்பர் முதல் ஞாயிறு வந்துபோனால் எமக்கு வரும் கேள்விகளில் பாதி கார் லைற் பற்றியவையாகவே இருக்கும். "வெளிச்சம் காணாது, என்ன பல்ப் போடலாம்?" நியாயமான கேள்விதான். டிசெம்பர் நடுவில் ரொறன்ரோவில் பின்னேரம் 4.40 அளவில் சூரியன் மறைந்துவிடும். காலையில் 7.45 வரை எட்டிப் பார்க்காது. வருடம் முழுவதும் ஆறு மணியை ஒட்டியே இருட்டும் ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். இங்கே வேலைக்குப் போவதும் இருட்டு, திரும்புவதும் இருட்டு.

இம்முறை கேள்வி கடிதத்தில் வரவில்லை, ஆளோடேயே வந்தது. மார்க்கம் வீதிப் பக்கம் வசிக்கும் அன்பர் ஒருவர் கையில் ஒரு பெட்டியுடன் வந்து நின்றார். உள்ளே இரண்டு எல்.ஈ.டி. பல்புகள். "மூன்று மடங்கு வெளிச்சம், பத்து நிமிடத்தில் நீங்களே பொருத்தலாம்" என்று பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்து. பின்பக்கத்தில், கண்ணாடி போட்டும் வாசிக்கக் கஷ்டமான எழுத்தில், பொது வீதியில் பாவிப்பதற்கு அல்ல என்று இன்னொரு வரி. அதை அவர் கவனிக்கவில்லை. நாமும் தேடித்தான் கண்டோம்.

ஏன் இந்த அவசரம் என்று கேட்டபோது கதை வந்தது. முந்திய கிழமை இரவு வேலை முடிந்து லோறன்ஸ் அவெனியூவால் வந்துகொண்டிருந்தாராம். இரண்டு சிக்னல்களுக்கு நடுவே, பஸ்ஸால் இறங்கிய ஓர் அம்மா கறுப்புக் கோட்டுடன் வீதியைக் கடந்திருக்கிறார். பிறேக்கை மிதித்து நிறுத்திய இடத்துக்கும் அந்த அம்மாவின் மரக்கறிப் பைக்கும் இடையில் ஒரு முழம் இருந்திருக்கலாம். அந்த அம்மா ஏசவில்லை. "தம்பி, உங்கட காரில லைற் இல்லையெண்டல்லோ நினைச்சன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். லைற் போட்டுத்தான் ஓடினேன் என்கிறார் அன்பர். அன்றிலிருந்து நித்திரை இல்லை.

பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, அவருடைய மாடிக் கட்டடத்தின் நிலக்கீழ் தரிப்பிடத்துக்குப் போய்க் காரைப் பார்த்தோம். பதினாறு வயதுக் கார். முன்விளக்கின் மூடி மஞ்சளாகிப் புகை பிடித்துக் கிடந்தது. ஊரில் அரிக்கன் லாம்பு மங்கினால் அம்மாமார் முதலில் என்ன செய்வார்கள்? திரியைத் தூண்டமாட்டார்கள். சிமினியைக் கழற்றித் துடைப்பார்கள். காருக்கும் முதல் வைத்தியம் அதுதான்.

இன்றைய கார்களின் முன்விளக்கு மூடி கண்ணாடியால் ஆனதல்ல, பொலிகார்பனேற் என்னும் பிளாஸ்ரிக். வெயிலின் புறஊதாக் கதிர் பட்டுப் பட்டு அதன் மேற்பூச்சு செத்துவிடும்; பிறகு மஞ்சளாகும். அமெரிக்க மோட்டார் சங்கமான ஏ.ஏ.ஏ. 2018இல் சோதித்துப் பார்த்தபோது, மங்கிப்போன மூடியினூடாக வந்த வெளிச்சம் புதிய விளக்கினதில் 20 வீதம் அளவுதான். மினுக்கிய பின் அது 70 வீதம் வரை ஏறியது. அந்த அம்மா சொன்னது எவ்வளவு சரி என்று பாருங்கள்.

மினுக்குவதற்கான பொதி கனேடியன் ரயர் போன்ற கடைகளில் கிடைக்கும். சுற்றியுள்ள பெயின்ற்றில் படாதபடி ரேப் ஒட்டிவிட்டு, தண்ணீர் தொட்டுத் தொட்டு, முதலில் சற்றுக் கரடான சான்ட் பேப்பராலும் பிறகு மென்மையானதாலும் தேய்க்கவேண்டும். தேய்க்கத் தொடங்கியதும் மூடி முழுவதும் பால் நிறமாகிவிடும். பயப்படவேண்டாம், கடைசி மினுக்கலில் தெளியும். முக்கியமானது அதற்குப் பிறகு பூசும் புறஊதாத் தடுப்புப் பூச்சு. அதை விட்டால் சில மாதங்களில் பழைய மஞ்சள் திரும்பிவிடும். பற்பசையால் தேய்த்துப் பார்த்தவர்கள் எமது வாசகர்களில் பலர் உண்டு. நாமும் ஒருகாலத்தில் செய்தோம். ஒரு மாதத்துக்கு அழகாக இருந்தது.

அடுத்தது பல்ப். ஹலோஜன் பல்ப் ஒருநாளில் செத்துப்போவதற்கு முன்பே மெல்ல மெல்லச் சோர்ந்துவிடும். ஒன்று போனால் இரண்டையும் மாற்றுங்கள். காரின் கையேட்டில் எந்த இலக்கம் உள்ளதோ, எச்.4, எச்.7, எச்.11, 9006 எதுவானாலும், அதே இலக்கம், அதே வாற். பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடக்கூடாது. விரலின் எண்ணெய் பட்ட இடம் அதிகமாகச் சூடேறி ஆயுளைக் குறைக்கும். தவறித் தொட்டால் ஸ்பிரிற்றால் துடைத்துவிடுங்கள். 55 வாற் இடத்தில் 100 வாற் போட்டு, பிளக் உருகிய மணத்தோடு கராஜுக்கு ஓடிய கதைகளும் எம்மிடம் உண்டு. நீலப் பூச்சுப் பூசிய பல்ப் வெள்ளையாகத் தெரியும். ஆனால் அந்தப் பூச்சு வெளிச்சத்தில் ஒரு பங்கை வடித்துவிட்டுத்தான் மீதியை வெளியே விடுகிறது.

ஒருவரும் பார்க்காத இன்னொரு இடம் ஏர்த் வயர். இங்கே வீதிக்குப் போடும் உப்பு அதன் நுனியை அரித்துவிடும். ஹலோஜன் பல்புக்குப் போகும் வோல்ற் 10 வீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 வீதம் குறையும். ஒரு கம்பித் தூரிகையும் ஐந்து நிமிடமும் போதும்.

இனி அந்தப் பெட்டி. ஹலோஜன் பல்புக்குள் எரியும் மெல்லிய கம்பிச் சுருள் எந்த இடத்தில், எந்த நீளத்தில் இருக்கும் என்று கணக்குப் பார்த்தே அதன் பின்னாலுள்ள கிண்ணம் செய்யப்படுகிறது. எதிரே வருகிறவரின் கண்ணுக்கு மேலே போகாமல், வலக்கரையில் நடக்கிறவர் தெரியும்படி வெளிச்சத்தை வெட்டி விடுவது அந்தக் கிண்ணத்தின் வேலை. எல்.ஈ.டி. பல்பில் சுருள் இல்லை. தட்டையான சில்லுகள் பக்கத்துக்கொன்றாக ஒட்டியிருக்கும். இடம் ஒரு மில்லிமீற்றர் மாறினாலும் கிண்ணத்தின் கணக்குப் பிழைக்கும். வெளிச்சம் சிதறி, காருக்கு முன்னாலுள்ள தார் பளபளக்கும்; ஓட்டுகிறவருக்கு "ஆகா" என்றிருக்கும். தூரத்தில் கடக்கிற அம்மா முன்னையிலும் குறைவாகவே தெரிவார். எதிரே வருகிறவருக்கோ கண் கூசும். எச்.ஐ.டி. எனப்படும் செனன் மாற்றுப் பொதிக்கும் இதே கதை, அதற்கு மேல் எரியத் தொடங்கும்போது இருபதினாயிரம் வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்சாரமும். வீட்டில் கைவைக்கிற சாமான் அல்ல அது.

ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி எதிரே வாகனம் 150 மீற்றருக்குள் வந்தால் ஹைபீமைக் குறைக்கவேண்டும். முன்னால் போகும் வாகனத்துக்கு 60 மீற்றருக்குள். லோபீமே கூசும்படி செய்துவிட்டால் பிறகு எதைக் குறைப்பது? எல்.ஈ.டி. விளக்கோடேயே தொழிற்சாலையிலிருந்து வரும் கார்களை நாம் குறை சொல்லவில்லை. அவற்றின் கிண்ணமும் அதற்கென்றே செய்யப்பட்டது. ஹலோஜன் சூட்டில் மூடியில் விழும் பனி தானே உருகும், எல்.ஈ.டி.யில் அப்படி உருகாது என்பதையும் ஸ்காபரோவாசிகள் நினைவில் வைத்தால் நல்லது.

லண்டனில் இருக்கும் தம்பி மூலம் மலிவாக முழு விளக்கையே எடுப்பிக்கலாமா என்று முன்பு ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். அங்கே இடப்பக்கம் ஓடுகிறார்கள். அந்த விளக்கு இங்கே நேரே எதிரில் வருகிறவரின் முகத்தைப் பார்க்கும்.

கடைசி வேலை, விளக்கின் பார்வையைச் சரிபார்ப்பது. நிலக்கீழ் தரிப்பிடம் இதற்கென்றே கட்டியது போல இருக்கும்: சமதரை, வெறும் சுவர், இருட்டு. ரயரில் காற்றுச் சரியாக இருக்க, ஒருவர் ஓட்டுநர் ஆசனத்தில் இருக்க, சுவரிலிருந்து 25 அடி தள்ளிக் காரை நிறுத்துங்கள். பல்பின் நடு உயரத்தைத் தரையிலிருந்து அளந்து, அதே உயரத்தில் சுவரில் ரேப் ஒட்டுங்கள். லோபீமின் மேல்விளிம்பு அந்த ரேப்புக்கு இரண்டு அங்குலம் அளவு கீழே நிற்கவேண்டும். கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே சரி. அன்பரின் காரில் இடது விளக்கு தரையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. பின்னாலுள்ள திருகாணியைத் திருப்ப நிமிர்ந்தது.

இன்னுமொன்று. கனடாவில் 1989 டிசெம்பர் 1இலிருந்து செய்யப்படும் கார்களில் பகல் விளக்கு தானாக எரியும். முன்னால் ஏதோ வெளிச்சம் தெரிகிறதே என்று சுவிச்சைப் போடாமலே இரவில் ஓடுகிறவர்கள் அநேகம். பின்விளக்கு இருட்டாகவே இருக்கும். 2021 செப்ரெம்பரிலிருந்து வரும் புதிய வாகனங்களில் இதைத் தடுக்க மத்திய அரசு ஒழுங்கு செய்துவிட்டது. அதற்கு முந்திய பல கார்களில் சுவிச்சைத் திருப்பவேண்டியவர் நீங்கள்தான்.

அந்தச் சனிக்கிழமை இரவு அன்பருடன் லோறன்ஸ் அவெனியூவால் ஒருமுறை போய்வந்தோம். பஸ் தரிப்பில் நின்றவர்களின் சப்பாத்துவரை தெரிந்தது. பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்து, வந்த காசில் தாயாருக்கு வெளிச்சம் பட்டால் மின்னும் கைப்பட்டி ஒன்று வாங்கியிருக்கிறார். அவரும் அதே வீதியில்தான் இரவில் பஸ்ஸால் இறங்குகிறவர். கோட்டின் நிறத்துக்குப் பொருந்தவில்லையாம். அம்மா இன்னும் அதைக் கட்டவில்லை என்று கேள்வி.