கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால்?

புதுச் சிறு பாய்மரப் படகுகளைப் பற்றிப் பெற்றோர்கள் சொல்லும் புகார்கள் அத்தனைக்கும் சென்ற இதழின் கட்டுரையாளர் ஒரே பழமொழியால் வாய்ப்பூட்டுப் போட்டுவிட்டார்: ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சுக்கான் கனக்கிறதா? பிள்ளைக்குப் பாயைத் தளர்த்தத் தெரியவில்லை. படகு ஒரு பக்கம் இழுக்கிறதா? பிள்ளை சரியாக உட்காரவில்லை. சுக்கானின் கீல் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டதா? முரட்டுத்தனமாக ஓட்டியிருப்பான். அவர் எழுதிய நாலு பக்கத்திலும் பிள்ளைகள் தப்புச் செய்கிறார்கள், பயிற்றுநர்கள் தப்புச் செய்கிறார்கள், காற்றுகூடத் தப்புச் செய்கிறது. படகு கட்டியவர் மட்டும் ஒரு வரியில்கூடத் தப்புச் செய்யவில்லை.

நான் படகு கட்டி விற்பவன் அல்ல. சுங்கை பூலோவில் தண்ணீர்த் தொட்டியும் லாரிக்குக் கூரையும் ஃபைபர் கிளாஸில் வார்க்கிற பட்டறைக்காரன். மகள் கிள்ளான் துறைமுகப் பக்கம் படகோட்டப் பழகியபோது, புதிதாக வாங்கிய படகுகளின் வயிற்றுக்குள் கைவிட்டுப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கே கண்டதற்கும் கட்டுரையாளர் சொல்வதற்கும் ஒட்டவே இல்லை.

முதலில் அவர் சொன்னதில் சரியான பகுதியைக் கொடுத்துவிடுகிறேன். காற்றுக்குப் படகு சாய்ந்தால், பாய் இழுக்கும் விசை படகின் உடலை விட்டு வெளியே போய்விடுகிறது. தண்ணீரின் தடை உள்ளேயே நிற்கிறது. இரண்டும் சேர்ந்து மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்புகின்றன. பிள்ளை அதைத் தடுக்க டில்லரை, அதாவது சுக்கானின் கைப்பிடியை, இழுத்துப் பிடிக்கிறான், கை வலிக்கிறது. படகை நிமிர்த்தி, பாய்க் கயிற்றைச் சற்று விட்டால் பாரம் குறையும். இது எந்தப் பயிற்சி வகுப்பிலும் முதல் வாரத்தில் சொல்லித் தருவது. கட்டுரையாளர் இதைச் சொல்ல இரண்டு பக்கம் எடுத்துக்கொண்டார், பெரிய கண்டுபிடிப்பு போல.

ஆனால் கனக்கும் சுக்கானுக்கு இது ஒன்றே காரணம் என்று எங்கே நிரூபித்தார்? அனுமானத்தை வைத்துத் தீர்ப்பு எழுதினார், அவ்வளவுதான். இந்த வழக்கைத் தீர்க்க எளிய சோதனைகள் உண்டு. அவற்றில் ஒன்றைக்கூட அவர் குறிப்பிடவில்லை. தெரிந்தே விட்டாரா, தெரியாமல் விட்டாரா? இரண்டில் எது என்றாலும் அவருக்குப் பெருமை இல்லை.

பாய்மரத்தையே கழற்றி வைத்துவிட்டு, காற்றில்லாத காலையில் படகைக் கயிறு கட்டி நேராக இழுங்கள். டில்லரை நடுவில் பிடித்தபடியே ஒருவர் அசையாமல் நடுவில் உட்காரட்டும். பாயே இல்லாதபோது பாயைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அப்போதும் படகு ஒரு பக்கம் இழுத்தால், நடுப்பலகை இறங்கும் கூடு கோணல், அல்லது சுக்கான் அலகு முறுக்கிக்கொண்டிருக்கிறது, அல்லது கீல்கள் மையத்தில் இல்லை. கரையில் வைத்தே இன்னொன்றும் பார்க்கலாம். படகைக் கவிழ்த்து, நடுப்பலகையையும் சுக்கானையும் முழுக்க நீட்டி, பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால், அதற்குப் பொறுப்பான பன்னிரண்டு வயதுப் பிள்ளையை எனக்குக் காட்டுங்கள்.

காற்று வலப்பக்கம் வரும்போது சுக்கான் லேசாக இருந்து, இடப்பக்கம் வரும்போது மட்டும் கனத்தால் அதுவும் படகைத்தான் முதலில் சந்தேகிக்கச் சொல்கிறது. சாய்த்து ஓட்டும் பழக்கம் உள்ள பிள்ளை இரண்டு பக்கமும்தான் சாய்த்து ஓட்டும். தப்பான பழக்கத்துக்கு இடது வலது தெரியாது.

லேசர் வகைப் படகை ஓட்டியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி வேறொன்று. அதன் சுக்கான் அலகை மடக்கித் தூக்கலாம். ஓடும்போது முழுக்க இறங்கியிருக்க வேண்டும். சில பாகை பின்னால் தூக்கிக்கொண்டாலும் தண்ணீரின் அழுத்தம் கீலின் அச்சுக்குப் பின்னால் தள்ளிப்போகும், டில்லர் இரும்பாகிவிடும். இறக்கிப் பிடிக்கும் கயிறு நழுவினால் ஓட்டுபவர் அதைச் சரிசெய்ய வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துளையைத் தப்பான இடத்தில் போட்டதால் அலகு முழுக்க இறங்கவே மறுத்தால்? கயிற்றைப் பிடிக்கும் கொக்கி புதிதிலேயே பல் தேய்ந்ததாக வந்திருந்தால்?

அடுத்து அவருடைய கட்டுரையின் மணிமகுடம். ஃபைபர் கிளாஸ் படகு என்பது அச்சில் வார்த்து எடுப்பது, அச்சு சரியாக இருந்தால் படகும் சரியாகத்தான் இருக்கும், ஆகவே கட்டுமானத் தரம் என்ற பேச்சே வீண் என்கிறார். என் பட்டறையில் புதிதாகச் சேரும் பையன்கூட ஒரு வாரத்துக்குப் பிறகு இப்படிப் பேச மாட்டான்.

அச்சு தருவது உருவத்தை மட்டும். பலம் என்பது அந்த அச்சுக்குள் ஒருவர் கையால் செய்யும் வேலை. கண்ணாடி இழைப் பாயை விரித்து, பிசினை ஊற்றி, உருளையால் உருட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும். கையால் வார்க்கும் வேலையில், இழைப் பாய் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தால் நல்ல வேலை. பிசின் மிஞ்சித் தேங்கினால் படகு கனக்கும், ஆனால் பலம் கூடாது, விறைத்து நொறுங்கும். பிசினை இறுக்கும் திரவத்தை நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை கலப்பது வழக்கம். நம் ஊர் வெக்கையில் அது சீக்கிரமே கெட்டியாகத் தொடங்கிவிடும். உருட்ட நேரம் போதவில்லை என்று வேலையாள் திரவத்தைக் குறைப்பான். பிசின் உள்ளே முழுக்க இறுகாமல் நின்றுவிடும். அவசரத்துக்கு அதிகம் ஊற்றினால் சூடேறி விரிசல் விடும். மழைநாளில் ஈரம் குடித்த இழைப் பாயில் பிசின் பிடிக்கவே பிடிக்காது. இவை எதையும் அச்சு தடுக்காது. மேலே பளபளக்கும் வண்ணப்பூச்சு அத்தனையையும் மறைத்துவிடும். அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான் கட்டுரையாளர் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்.

கீல் பிய்த்துக்கொண்டு வருவதற்கு வருவோம். சுக்கானின் முழுப் பாரமும் பின்பலகையில் பூட்டிய இரண்டு சிறு கீல்களில் விழுகிறது; ஒவ்வொரு அலைக்கும் அது இழுத்துத் தள்ளும். ஆகவே பின்பலகைக்கு உட்புறம், கீல் உட்காரும் இடத்தில் மரக்கட்டையோ, உலோகத் தகடோ, கூடுதலாக வார்த்த கனத்த பகுதியோ இருக்க வேண்டும். திருகுகள் அதைக் கடித்துப் பிடிக்க வேண்டும். செலவு மிச்சம் பிடிக்க நினைப்பவர் முதலில் விட்டுவிடுவது இதைத்தான், ஏனென்றால் வெளியே தெரியாது. மெல்லிய ஓட்டில் வெறும் திருகை முறுக்கி அனுப்பினால் சில மாதத்தில் துளை அகலும், கீல் ஆடும், துளை வழியே படகின் வயிற்றுக்குள் தண்ணீர் இறங்கும். நான் கைவிட்டுத் தடவிய படகு ஒன்றில் கட்டை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓடுதான் இருந்தது. விற்றவரிடம் கேட்டபோது கட்டுரையாளரின் அதே பதில்தான் வந்தது: பிள்ளை முரட்டுத்தனமாக ஓட்டியிருக்கும்.

சுக்கான் தானாக உடையாது, உடைப்பவர்தான் உண்டு என்கிறவர் 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லையா? 303 படகுகள் கிளம்பி, புயலில் 15 பந்தயக்காரர்கள் உயிரிழந்த பந்தயம் அது. அப்போது புதுமை என்று கொண்டாடப்பட்ட கார்பன் இழைச் சுக்கான்கள் பல படகுகளில் முறிந்தன. அயர்லாந்து அணியின் ரெகார்ட்லெஸ் அவற்றில் ஒன்று. அவை சிறு படகுகள் அல்ல என்பது உண்மை. ஆனால் அவற்றை ஓட்டியவர்கள் தேர்ந்த மாலுமிகள். அவர்களிடம் போய் ஆடத் தெரியாதவள் பழமொழியைச் சொல்லிப் பார்க்கலாம்.

சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக் வரை போனார், படகைக் குறை சொன்னாரா என்று உணர்ச்சிவசப்படுகிறார் கட்டுரையாளர். பாவம், தன் வாதத்துக்கு எதிரான சாட்சியைத் தானே கூண்டில் ஏற்றியிருக்கிறார். நேத்ராவும், அதே ஒலிம்பிக்கில் போட்டியிட்ட நம் மலேசியாவின் நூர் ஷஸ்ரின் முகமட் லத்திப்பும் ஓட்டியது லேசர் ரேடியல். ஒலிம்பிக்கில் அந்த வகைப் படகை யாரும் வீட்டிலிருந்து கொண்டுவருவதில்லை. ஒரே மாதிரியான படகுகளை ஏற்பாட்டாளர்களே தருகிறார்கள். படகில் ஒன்றும் இல்லை, எல்லாம் ஓட்டுபவர் கையில் என்றால் இத்தனை செலவு எதற்கு? உலகின் ஆகச் சிறந்த கைகளுக்கே நேரான படகு தேவைப்படுகிறது. அதைத் தந்த பிறகுதான் திறமையை அளக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கோ கோணலான படகைக் கொடுத்துவிட்டுத் திறமையை அளக்கிறோம்.

லேசர் விவகாரத்தை அவர் தொட்டிருக்கவே கூடாது. 2019-இல் நடந்தது வெறும் வணிகச் சின்னச் சண்டை என்று ஒரே வரியில் ஊதித் தள்ளுகிறார். படகுகள் கட்டுமானக் கையேட்டின்படி கட்டப்படுகின்றனவா என்று பார்க்க வந்த ஆய்வாளர்களை உள்ளே விடாததைக் காரணம் காட்டித்தான், படகு கட்டும் லேசர்பெர்ஃபார்மன்ஸ் நிறுவனத்தின் அங்கீகாரத்தை லேசர் வகைப் படகுகளுக்கான சங்கம் அந்த ஆண்டு மார்ச்சில் நீக்கியது. பெயரின் உரிமை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அந்த நிறுவனத்திடம் இருந்ததால், படகின் பெயரையே ஐ.எல்.சி.ஏ. என்று மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆய்வுக்குக் கதவு திறக்காததால் அந்தப் படகுகள் மோசமானவை என்று ஆகிவிடாது. நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் 1971 முதல் உலகமெங்கும் ஓடிய ஒரு பெயரை இழந்தாலும் பரவாயில்லை, ஆய்வு இல்லாமல் படகு வேண்டாம் என்று ஒரு சங்கம் முடிவெடுத்தது. கட்டுமானத் தரம் வீண்பேச்சு என்றால் அந்தச் சங்கத்துக்குப் பைத்தியமா?

முன்னோர்களை இழுக்காமல் நம்மவர்களால் கட்டுரை முடிக்க முடியாது. கட்டுமரத்தில் ஒற்றைத் துடுப்பால் திசை பிடித்தார்களாம், இன்றைய பிள்ளைகள் சொகுசு பார்க்கிறார்களாம். சோழமண்டலக் கரைக் கட்டுமரத்தைக் கட்டியவரும் ஓட்டியவரும் ஒரே குப்பத்தில் இருந்தார்கள் என்பதை மறந்துவிட்டார். மரத்தைப் பார்த்துத் தேர்ந்தார்கள், கரைக்கு வந்ததும் கட்டவிழ்த்துக் காய வைத்தார்கள், ஊறிப்போன மரத்தைத் தள்ளிவிட்டு வேறு போட்டார்கள். கட்டியவர் தப்புச் செய்தால் மறுநாள் காலையில் அதே மணலில் பதில் சொல்ல வேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அதே கரைக்கு என்ன வந்தது? உதவி என்ற பெயரில் ஆயிரக்கணக்கான ஃபைபர் படகுகள் அவசர அவசரமாக வார்க்கப்பட்டன. அனுபவமில்லாத புதுப் பட்டறைகள் முளைத்தன. தரம் போதவில்லை என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனமே கவலை தெரிவித்தது. அந்தப் படகுகளில் ஏறியவர்கள் பிறந்தது முதல் கடலில் வளர்ந்தவர்கள். ஓட்டத் தெரியவில்லை என்று அவர்களைச் சொல்ல கட்டுரையாளருக்குத் துணிச்சல் உண்டா?

கடைசியாக, புகார்களைப் பெரிதாக்கினால் இந்தச் சிறிய விளையாட்டு அழிந்துவிடும், விற்பவர்கள் ஓடிவிடுவார்கள், ஆகவே பொறுத்துப்போங்கள் என்கிறார். அவர் கிள்ளான் துறைமுகத்து நீரோட்டத்தைக் கரையிலிருந்துதான் பார்த்திருக்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அங்கே நீர்மட்டம் நான்கு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். வடியும் நேரத்தில் சுக்கான் கழன்ற சிறு படகு எங்கே போகும் என்பதைப் பிள்ளை தீர்மானிப்பதில்லை. பக்கத்தில் கொள்கலன் கப்பல்கள் வந்துபோகும் கால்வாய். புலாவ் கெத்தாம் பயணிகள் படகுகள் வேறு. அங்கே பொறுத்துப்போகச் சொல்வதற்கு எந்தக் கட்டுரையாளருக்கும் உரிமை கிடையாது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்கான ஆப்டிமிஸ்ட் வகைப் படகு வாங்கினால் அந்த வகைச் சங்கத்தின் பதிவு முத்திரைத் தகடும் அளவுச் சான்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெறும் ஓட்டைத் தராசில் வையுங்கள், 35 கிலோவுக்கு மேல் வெகுதூரம் போனால் உள்ளே தேங்கியிருப்பது பிசின். கீலைப் பிடித்து ஆட்டுங்கள். இழுத்துப் பார்க்கும் சோதனையைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள், மறுப்பவரிடம் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் பட்டறைக்காரரின் பழமொழியைக் கேட்டுத் தலைகுனிந்து திரும்ப வேண்டியதில்லை. சொந்த உபயோகத்துக்கு விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு சொல்கிறது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். புது ஆப்டிமிஸ்ட் ஒன்றின் விலை அதற்குள் தாராளமாக அடங்கும். மூன்று ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். ரசீதையும் படங்களையும் எடுத்துக்கொண்டு நீங்களே போய்ப் பேசலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. மனுக் கட்டணம் 5 ரிங்கிட்.