முதியவர் இளையவரிடம் கற்பது இழுக்கா?

 

ராணிப்பேட்டையில் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், டேனரியில் தோலின் நிறம் பார்க்கும் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவர். குழல்விளக்கின் கீழ் ஒன்றுபோலத் தோன்றும் இரு பழுப்புத் தோல்கள் வெயிலில் வேறுபடும் என்பதைக் கண்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவார். இப்போது ஜிம்ப், டார்க்டேபிள் ஆகிய கட்டற்ற ஒளிப்பட மென்பொருள்களைக் கற்று, அவற்றில் தென்படும் குறைகளை அவற்றை உருவாக்குவோருக்கு எழுதி அனுப்புகிறார். ஆங்கிலத்தைக் கல்லூரியில் படிக்கும் பேத்தி திருத்திக் கொடுக்கிறாள்.

அவருடைய முதல் முறையீடு, படத்தில் பழுப்பு நிறம் சிவந்து தெரிகிறது என்பது. பேரன் வயதுடைய ஒருவர் பதில் எழுதினார்: குறை மென்பொருளில் இல்லை, உங்கள் கணினித் திரையின் நிற அமைப்பில் இருக்கிறது. பெரியவர் சோதித்துப் பார்த்தார், உண்மைதான். நன்றி எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குச் சென்றார்.

அஸருக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் சிலர் இதைச் சொல்லி நகைத்தனர். "இத்தனை வயதில் பொடியன்களிடம் பாடம் கேட்கிறாரே!" என்றனர். அந்த நகைப்புக்கு மறுப்பாகவே இதை எழுதுகிறேன்.

நகைத்தவர்களைக் கேட்கிறேன்: மூஸா (அலை) அவர்கள் யார்? அல்லாஹ்வுடன் உரையாடிய நபி. மக்களுள் மிக அறிந்தவர் யார் என்று கேட்கப்பட்டபோது, "நானே" என்று அவர்கள் கூறியதை அல்லாஹ் கண்டித்தான் என்பது புகாரியில் உள்ள செய்தி. அதன் பின்னரே கிழ்ர் (அலை) அவர்களைத் தேடிப் பயணம் புறப்பட்டார்கள். கற்றுத்தருமாறு வேண்டி, பின்தொடர அனுமதி கேட்டார்கள் (18:60–82). ஒரு நபிக்கு இழுக்காகாத செயல், ஓய்வு பெற்ற நமக்கு எப்படி இழுக்காகும்?

"கிழ்ர் சிறுவரல்லரே" என்பீர்களாயின், ஹதீஸ் கலையைப் பாருங்கள். ஹிஜ்ரி 643-இல் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) தமது நூலில், பெரியவர்கள் தம்மினும் இளையவர்களிடமிருந்து அறிவித்த ஹதீஸ்களைப் பற்றித் தனிப் பிரிவே வைத்துள்ளார். அந்த முன்னோர் இளையவரின் பெயரை மறைக்கவில்லை. "இவரிடம் கேட்டேன்" என்று ஸனதில் வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர்களுடைய மதிப்பு அதனால் குறைந்ததா? இன்றும் அவர்களுடைய பெயரைச் சொல்லி ரஹ்மத்துல்லாஹி அலைஹி என்கிறோம்.

பெரியவர் பங்களிக்கும் உலகமும் இத்தகைய பணிவைக் கேட்கிறது. ஜிம்ப் மென்பொருளை 1995-இல் தொடங்கியவர்கள் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் ஆவர். 1996-இல் அது வெளியாயிற்று. யாரும் பயன்படுத்தலாம், ஆராயலாம், திருத்தலாம், பகிரலாம் என்பது அதன் உரிமம். குறை சொல்பவர் எந்தப் பதிப்பு, என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நிகழ்ந்தது என்று சாட்சி சொல்வதுபோல் எழுத வேண்டும். "எனக்கு நாற்பதாண்டு அனுபவம்" என்பது அங்கே ஆதாரமாகாது. பிறர் அதைச் செய்து பார்த்து உறுதிப்படுத்தினால்தான் திருத்தம் நுழையும்.

"வணக்கத்துக்குரிய வயதில் கணினி எதற்கு?" என்பது அடுத்த ஆட்சேபம். தொழுகையைத் தவறவிட்டுத் திரையின் முன் அமர்ந்தால் நானும் கண்டிப்பேன். ஆனால் மனிதன் இறந்த பின்னும் நன்மை தருபவற்றுள் நிலையான தர்மத்தையும் பயனுள்ள கல்வியையும் நபி (ஸல்) அவர்கள் எண்ணியதை மறந்துவிட்டீர்களா? உருவப்படம் பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் எழுத்து மங்கிய பழைய வக்ஃபு பத்திரத்தைப் படமெடுத்துப் படிக்கத்தக்கதாக்குவதும் இதே மென்பொருள்தான். இன்னொன்றும் சொல்வேன்: விலைகொடுக்க வேண்டிய மென்பொருளின் திருட்டு நகலில் திருமண அழைப்பிதழ் வடிவமைத்து, அதன் தலைப்பில் பிஸ்மில்லாஹ் எழுதும் நமக்கு, உரிமத்தோடு இலவசமாகக் கிடைப்பதைக் கற்கும் ஒருவரைப் பார்த்து நகைக்கத் தகுதி இல்லை.

இதை எழுதும் நானும் தப்பியவன் அல்லன். சென்ற ஆண்டு மதரஸாவில் ஒரு சொல்லின் இஃராபை நான் தவறாகச் சொன்னபோது மாணவன் ஒருவன் எழுந்து திருத்தினான். அவன் சொன்னதே சரி. நானோ, "முதலில் அதபைக் கற்றுக்கொள்" என்று அவனை உட்கார வைத்தேன். வகுப்பு முழுவதும் தவறான இஃராபை எழுதிக்கொண்டது. என் கௌரவத்துக்காக முப்பது பிள்ளைகளின் பாடத்தைக் கெடுத்தேன். பெரியவர் தம் திரையைத் திருத்திக்கொண்ட செய்தியைக் கேட்டபோதுதான் என் செயல் எனக்கு உறைத்தது. மறுநாள் அதே வகுப்பில், அதே மாணவனின் பெயரைச் சொல்லிப் பாடத்தைத் திருத்தினேன். நாக்கு எளிதில் எழவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கல்வியை அதிகப்படுத்துமாறு வேண்டும்படி அல்லாஹ் தன் தூதருக்கே கட்டளையிட்டான் (20:114). அந்த துஆவுக்கு ஓய்வு பெறும் வயது விதிக்கப்படவில்லை. திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, நகைப்பதை விடுங்கள். இன்று இஷாவுக்குப் பின் உங்கள் பேரப்பிள்ளையிடம் உங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கேளுங்கள். அவர்கள் திருத்தினால் கோபப்படாதீர்கள்.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களிலிருந்து பெருமையை அகற்றி, இறுதி மூச்சுவரை மாணவர்களாக வாழும் தௌஃபீக்கைத் தந்தருள்வானாக. ஆமீன்.