மனசைப் பார்ப்பது டீச்சர் வேலை இல்லையாம்!

போன வாரம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு புகார் வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற அதிகாரி, இரண்டாம் வகுப்புப் பேரனின் தாத்தா. காலையில் முதல் பத்து நிமிடம் டீச்சர் பாடம் நடத்துவதில்லையாம். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, "இன்னைக்கு மனசு எப்படி இருக்கு?" என்று கேட்கிறாராம். சிரிப்பு, அழுகை, கோபம், பயம் என்று நாலு முகம் வரைந்த அட்டைகளில் ஒன்றை ஒவ்வொரு பிள்ளையும் எடுத்துக் காட்ட வேண்டுமாம். "இதுக்கா ஃபீஸ் கட்டறோம்?" என்று முடித்திருந்தார். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

கல்வித்துறையில் இதற்குச் சமூக மனவெழுச்சிக் கற்றல் என்று பெயர். கோபம் வந்தால் என்ன செய்வது, அடுத்தவன் அழுதால் எப்படி நடந்துகொள்வது, சண்டை போட்டபின் எப்படிப் பேச ஆரம்பிப்பது என்பதையெல்லாம் ஆரம்பப் பள்ளியிலேயே, பாடத்தோடு பாடமாகப் பழக்குவது. நம் ஊர் தாத்தாக்களுக்கு மட்டுமல்ல, அப்பா அம்மாக்களுக்கும் இதைக் கேட்டால் ஒரே பதில்தான்: "அதெல்லாம் வீட்டு விஷயம். பள்ளிக்கூடம் படிப்பு சொல்லிக்கொடுக்கத்தான்."

அப்படியா? சோறு யார் விஷயம்?

பிள்ளைக்குச் சோறு போடுவதைவிட வீட்டு விஷயம் உலகத்தில் வேறு உண்டா? ஆனால் 1920-ல், பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டது. 1956-ல் காமராஜர் மதிய உணவை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோது, கஜானா காலியாகும் என்று படித்த பெருமக்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இருபது வருஷம்கூட ஆகவில்லை, 2001-ல் உச்ச நீதிமன்றமே நாடு முழுக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு போடச் சொல்லிவிட்டது. நம்மவர்கள் திருந்தினார்களா? 2023-ல் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க விரிந்தபோது, பிள்ளைகள் இரண்டு வேளை சாப்பிடுவதால் பள்ளிக் கழிப்பறை நிரம்புகிறது என்று ஒரு நாளிதழ் முதல் பக்கத்தில் கவலைப்பட்டது. பசியைவிடக் கக்கூஸ் பெரிய விஷயமாகப்பட்ட அந்த மூளைதான் இன்று பத்து நிமிடத்துக்கும் கணக்குக் கேட்கிறது.

பசித்த வயிற்றில் அ, ஆ ஏறாது என்பதை ஒப்புக்கொள்ள நமக்கு அறுபது எழுபது வருஷம் ஆகியிருக்கிறது. பயந்த மனசில் வாய்ப்பாடு ஏறாது என்பதற்கு இன்னும் எத்தனை வருஷம் வேண்டும்?

ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சர் ஒருவரை எனக்குத் தெரியும். அவரும் இப்படி முக அட்டைகள் வைத்திருக்கிறார். காலண்டர் அட்டையை வெட்டி, பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவில் வரைந்தவை. ஒரு நாள் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பய முகத்தை எடுத்தான். "ஏன் சாமி?" என்று கேட்டிருக்கிறார். "அப்பா நேத்து டிவியை ஒடச்சுட்டாரு மிஸ்." அவ்வளவுதான் பேச்சு. டீச்சர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. அன்று அவனைக் கரும்பலகைக்குக் கூப்பிடவில்லை, அவ்வளவே. பக்கத்தில் இருந்த பிள்ளை, யாரும் சொல்லாமலே, தன் ரப்பரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாளாம். மறுநாள் அவன் சிரிப்பு முகத்தை எடுத்தான். பொய்யாகக்கூட இருக்கலாம். ஆனால் முந்தின நாள் அவன் ஏன் எழுதவில்லை என்பது டீச்சருக்குத் தெரிந்திருந்தது. இல்லையென்றால் என்ன நடந்திருக்கும்? "ஏண்டா எழுதல, கை ஒடஞ்சுபோச்சா?" இந்தக் கேள்வியைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாமெல்லாம்.

2011-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இத்தகைய 213 திட்டங்களை, இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களை வைத்து அலசினார்கள். நடத்தை மட்டுமல்ல, மதிப்பெண்ணும் கூடியிருந்தது. சொன்னால் "அது அமெரிக்கா" என்பார்கள். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018-ல் மகிழ்ச்சிப் பாடத்திட்டம் வந்தது என்றால் "அது அரசியல்" என்பார்கள். சரி, ஆய்வை விடுங்கள், மறுபடி சோற்றுக்கே வருகிறேன்.

ஏனென்றால் அந்தச் சோறு வெறும் சோறு இல்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் தட்டு வைத்து உட்கார்ந்தார்களே, அதுதான் இந்த மாநிலத்தின் முதல் சமூக மனவெழுச்சி வகுப்பு. அதனால்தான் அதற்கு அத்தனை எதிர்ப்பு. 2018-ல் திருப்பூர் மாவட்டத்தில், பட்டியலினப் பெண் சமைக்கக் கூடாது என்று பள்ளி வாசலில் பெற்றோர்கள் திரண்டார்களே, அவர்கள் எந்தப் பாடத்துக்காகப் போராடினார்கள்? கணக்குக்கா, அறிவியலுக்கா? யார் பக்கத்தில் யார் உட்காருவது, யார் கையால் வாங்கித் தின்பது என்பதை ஆறு வயதிலேயே வீடு நன்றாகச் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறது. "வீட்டு விஷயம்" என்பவர்கள் எந்த வீட்டை நினைத்துச் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும், கூடப் படித்த பையன்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். அன்று இரவு தொலைக்காட்சியில் எல்லோரும் கேட்டார்கள்: "பள்ளிக்கூடம் என்ன பண்ணிட்டு இருந்துச்சு?" பாடம் நடத்திக்கொண்டிருந்தது சார். நீங்கள் சொன்ன மாதிரியே, பாடம் மட்டும்.

"எங்க காலத்துல நீதிபோதனை வகுப்பு இருந்துச்சே" என்று உடனே ஒருவர் எழுவார். இருந்தது. கால அட்டவணையில் இருந்தது. அந்தப் பீரியடில் கணக்கு வாத்தியார் வந்து விட்டுப்போன பயிற்சியை முடித்தார். பி.டி. பீரியடும் அவருக்கே, ஓவியப் பீரியடும் அவருக்கே. அந்தக் காலத்துப் பிரம்பைப் பற்றியும் ஒரு புல்லரிப்பு உண்டு: "அடி வாங்கினதாலதான் ஆளானோம்." ஆனவர்களின் லட்சணம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் தெரிகிறது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் உடலை அடிப்பதை மட்டுமல்ல, மனத்தை நோகடிப்பதையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது. பிரம்பைப் பிடுங்கிய அரசாங்கம் அதற்குப் பதில் டீச்சர் கையில் என்ன கொடுத்தது? பள்ளி விவரங்களை ஏற்றும் எமிஸ் செயலி. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருக்கும் பள்ளியில், ஒருவர் வருகைப்பதிவை ஏற்ற சிக்னல் தேடி வேப்பமரத்தடியில் நிற்கிறார். பிள்ளையின் முகத்தை எப்போது பார்ப்பது?

தனியார் பள்ளிகள் வழக்கம்போல இதிலும் வழி கண்டுபிடிக்கும். பளபள தாளில் ஒரு பயிற்சிப் புத்தகம் வரும். கோபத்துக்குச் சிவப்பு அடி, சோகத்துக்கு நீலம் அடி என்று. டெர்ம் ஃபீஸில் தனி வரியாக ஏறும். ஆண்டு இறுதியில் "பரிவு: ஏ பிளஸ்" என்று ரிப்போர்ட் கார்டில் அச்சாகும். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏ பிளஸ், நம்ம பிள்ளை பி என்றால் பரிவுக்கு டியூஷன் தேடி, பாதிப் பணத்தை அட்வான்ஸாகக் கட்டி, சனிக்கிழமை காலையில் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பறப்பார்கள். அப்போது யாரும் பாடம் என்னாச்சு என்று கேட்க மாட்டார்கள். கையில் ரசீது இருக்குமே.