காட்டுக்குள் நடக்க கார் எதற்கு?

2025 கோடைக்கு நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் மட்டுமே நுழையலாம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அதற்கு முந்தைய ஆண்டே வாகனங்களுக்கான இ-பாஸ் நடைமுறைக்கு வந்துவிட்டது. இந்த உத்தரவுகளைப் பற்றி விடுதிக்காரர்கள் பேசினார்கள், வியாபாரிகள் பேசினார்கள், சுற்றுலா வந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். அதிகம் பேசப்படாமல் போன ஒன்று உண்டு. அரசுப் பேருந்தில் மலையேறுகிறவருக்கு இ-பாஸ் தேவையில்லை. மலையைத் திணறடிப்பது ஆட்களைவிட அவர்கள் ஓட்டிவரும் வண்டிகளே என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. பண்டிப்பூர் காட்டுச் சாலைகளில் 2009 முதல் நடப்பில் உள்ள இரவுத் தடையிலும் இதே கணக்குதான்: ஆம்புலன்ஸ் போன்ற அவசர ஊர்திகளுக்கும் ஒரு சில அரசுப் பேருந்துகளுக்கும் மட்டும் விலக்கு. சாலைக்கு ஒப்புக்கொண்ட இந்த நியாயத்தை, காட்டுக்குள் நாம் திறந்துவிடும் நடைபாதைகளுக்கும் பொருத்த வேண்டும். மலையேற்றப் பாதை எங்கே, எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பதைப் பேருந்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பது என் வாதம்.

வனத்துறை 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளுடன் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. நல்ல திட்டம். முன்பதிவு உண்டு, ஆள் கணக்கு உண்டு, பழங்குடி மக்களும் காட்டோர ஊர்களின் இளைஞர்களும் வழிகாட்டிகளாக வருகிறார்கள். ஆனால் பாதையின் தொடக்கப் புள்ளிவரை எப்படிப் போய்ச் சேர்வது என்பது அவரவர் பாடாக விடப்பட்டிருக்கிறது. கோத்தகிரி லாங்வுட் சோலைக்கு இந்தச் சிக்கல் இல்லை. 116 ஹெக்டேர் சோலைக்காடு, 2024இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். அவலாஞ்சியோ பார்சன்ஸ் வேலியோ அப்படியல்ல. விடியும் நேரத்தில் அங்கே நிற்க வேண்டுமென்றால் பெரும்பாலானவர்களுக்குச் சொந்தக் கார் வேண்டும், இல்லாவிட்டால் டாக்சி பிடிக்க வேண்டும். மலையேற்றக் கட்டணத்தைவிட வண்டி வாடகை அதிகமாகும் இடத்தில், கல்லூரி மாணவரும் மில் தொழிலாளியும் முன்பதிவுப் பக்கத்தைப் பார்ப்பதோடு நின்றுவிடுவார்கள். காடு பொதுச் சொத்து. அதற்குள் நடக்கும் அனுமதி கார் வைத்திருப்பவருக்கு மட்டும் எளிதாக இருப்பது சரியல்ல.

பேருந்தில் போய் இறங்கி மலையேறுவது நமக்குப் புதிய பழக்கமும் அல்ல. வெள்ளியங்கிரி ஏழு மலை ஏறுகிறவர்கள் கோவையிலிருந்து பூண்டிக்கு டவுன் பஸ்ஸில்தான் காலங்காலமாகப் போகிறார்கள். அமாவாசை, பௌர்ணமி வந்தால் சதுரகிரி அடிவாரமான தாணிப்பாறைக்குச் சிறப்புப் பேருந்து விடுவது போக்குவரத்துக் கழகத்துக்குக் கைவந்த வேலை. கொல்லிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் டிரைவர் ஹாரன் அடித்து, எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்து, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்ப வேண்டும். மிளகு மூட்டையும் பலாப்பழமும் ஏறி இறங்கும் அதே பேருந்து அறப்பளீஸ்வரர் கோயில்வரை கொண்டுபோய் விடுகிறது. ஆகாய கங்கைக்கு இறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் கோயிலுக்கு அருகிலேயே தொடங்குகின்றன. பக்தருக்குச் செய்து கொடுத்த ஏற்பாட்டை, பறவை பார்க்கவும் மரம் பார்க்கவும் வருகிறவருக்கும் செய்து கொடுக்க முடியும்.

இதற்குப் புதிதாக ஆயிரம் பேருந்துகள் வாங்க வேண்டியதில்லை. மலைக்கிராமப் பேருந்து எப்படி ஓடுகிறது என்று கவனித்தாலே போதும். பல ஊர்களுக்குச் சாயங்காலம் மேலே ஏறும் வண்டி இரவு அங்கேயே நிற்கும். அதுதான் நைட் ஹால்ட் பஸ். விடிந்ததும் பள்ளிப் பிள்ளைகள், கூலி வேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்று நிறைந்து கீழே இறங்கும். பிறகு மீண்டும் மேலேறும் நடையில் கூட்டம் இருக்காது. மாலையில் இதுவே தலைகீழ்: ஏறும்போது நெரிசல், இறங்கும்போது காலி இருக்கைகள். மலையேற்றத்துக்கு வருகிறவருக்குத் தேவைப்படுவது இந்த எதிர்த்திசைதான். காலையில் மேலே போக வேண்டும், மாலையில் கீழே வர வேண்டும். ஊர்க்காரர் இடத்தைப் பறிக்காமல், ஏற்கெனவே டீசல் செலவழித்து ஓடும் வண்டியின் காலி இருக்கையில் அவர் உட்காரலாம். மலைத் தடம் நட்டத்தில் ஓடுகிறது என்று அடிக்கடி சொல்லப்படும் காரணத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. வசூல் கூடினால் அந்த நடையை நிறுத்துவதற்கான காரணம் குறையும், அதனால் முதலில் பயன்பெறுவது அந்த ஊர் மக்கள். மகளிருக்கான கட்டணமில்லாப் பயணம் 2024இல் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மலைப்பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்ட பிறகு, பெண்கள் குழுவாகக் காடு பார்க்கக் கிளம்புவதற்கான செலவும் அங்கே பெருமளவு குறைந்திருக்கிறது.

பேருந்து விட்டால் கூட்டம் குவிந்து காடு பாழாகும் என்று அஞ்சுகிறவர்களை நான் மதிக்கிறேன். சதுரகிரியிலும் வெள்ளியங்கிரியிலும் குவியும் பிளாஸ்டிக்கைப் பார்த்தவர்கள் அப்படித்தான் அஞ்சுவார்கள். ஆனால் பாதையில் எத்தனை பேர் என்பதைத் தீர்மானிப்பது அனுமதிச் சீட்டு. 50 பேருக்கு மட்டும் அனுமதி என்றால், ஒரே பேருந்தில் வந்தாலும் காருக்கு நால்வராக 13 கார்களில் வந்தாலும் பாதையில் நடப்பது 50 பேர்தான். வேறுபடுவது காட்டோரத்தில் என்ன நடக்கிறது என்பது. 13 கார்களுக்கு நிறுத்துமிடம் வேண்டும், அதற்கு மண்ணைச் சமன்படுத்த வேண்டும், பிறகு சாலையை அகலமாக்கச் சொல்லிக் கோரிக்கை வரும். பாதையோரத்தில் மேயும் மானுக்கும் சாலையைக் கடக்கும் யானைக் கூட்டத்துக்கும் நேரம் தெரியாமல் வரும் 13 வண்டிகளைவிட, தினமும் அதே நேரத்தில் வரும் ஒரு வண்டி குறைந்த தொல்லை.

இன்னொரு எதிர்ப்பு இன்னும் கனமானது. கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் என்ன கதி? யானை நடமாடும் காட்டோரத்தில், இருட்டும் வேளையில், செல்போன் சிக்னல் இல்லாத நிறுத்தத்தில் நிற்பது விளையாட்டல்ல. 2018 மார்ச் 11இல் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் இறந்ததை யாரும் மறக்கவில்லை. மலையேற்றத்துக்கு அந்த ஆண்டே தனி விதிகள் வந்தன. தீப் பருவத்தில் பாதைகளை மூடுவதும் முறையான வழிகாட்டி வேண்டும் என்பதும் நாம் விலை கொடுத்துக் கற்றவை. அவற்றில் ஒன்றைக்கூடத் தளர்த்தக் கூடாது. பேருந்து நேரம் அந்த ஒழுங்கோடு இன்னொரு கட்டுப்பாடாகச் சேரும். கடைசி நடைக்கு இரண்டு மணி நேரம் முன்பே எல்லோரும் பாதையை விட்டு வெளியேறியாக வேண்டும் என்று அனுமதிச் சீட்டிலேயே விதிக்கலாம். அன்று எத்தனை பேர் இறங்கி வருவார்கள் என்பதை வழிகாட்டி கண்டக்டரிடமோ நேரக் காப்பாளரிடமோ காலையிலேயே சொல்லிவிடலாம். பேருந்து வராமல் போகும் நாளுக்கு வனத்துறை வண்டி ஒன்று பொறுப்பேற்க வேண்டும். அந்தச் செலவைக் கட்டணத்திலேயே சேர்க்கலாம். காரில் வந்தவரை இப்படி அவசரப்படுத்தும் கடைசி வண்டி எதுவும் இல்லை. இன்னும் அரை மணி நேரம் என்று அந்திவரை காட்டில் தங்கத் துணிபவர் அவர்தான்.

காரால் முடியாத ஒன்றும் பேருந்தால் முடியும். காரில் போனவர் நிறுத்திய இடத்துக்கே திரும்பியாக வேண்டும். பேருந்தில் போனவர் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கலாம். கொடைக்கானலுக்குச் சாலை வருவதற்கு முன், கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாகவும் மக்கள் மலையேறினார்கள். மேலே கொடைக்கானல் பேருந்து நிலையம், கீழே பெரியகுளம் பேருந்து நிலையம். இடையே நெடுங்காலம் சாலையே பார்க்காத ஒரு மலையூர். பேருந்தை நம்பி வகுக்கும் பாதைக்கு இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. ஹாங்காங்கில் 1979இல் திறக்கப்பட்ட 100 கிலோமீட்டர் மெக்லிஹோஸ் பாதையை மக்கள் பகுதி பகுதியாக நடந்து முடிப்பது இப்படித்தான், பேருந்தில் போய் பேருந்தில் திரும்பி. அதன் தொடக்கத்தில் உள்ள சாய் குங் பூங்காவுக்குள் அனுமதியில்லாத தனியார் கார்கள் போக முடியாது.

வனத்துறையும் போக்குவரத்துக் கழகமும் அரசின் இரு கைகள். அடுத்த தீப் பருவம் முடிந்து பாதைகள் திறப்பதற்குள், பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து எட்டக்கூடிய பாதைகளைத் தனியே பிரித்து, அனுமதிச் சீட்டில் நிறுத்தத்தின் பெயரையும், காலையில் மேலேறும் நடையையும், மாலையில் கடைசியாக இறங்கும் நடையையும் அச்சிடட்டும். பாதை திறக்கும் நேரம் முதல் பேருந்துக்கு முன்னால் இருந்தால், அதைப் பேருந்துக்குப் பிறகு தள்ளி வைக்கட்டும். எட்டாத பாதைகளுக்கு, பக்கத்து ஊர்வரை வரும் மினி பஸ்ஸை வார இறுதியில் சோதனைச் சாவடிவரை நீட்டிப் பார்க்கட்டும். காரில்தான் வருவேன் என்பவரைத் தடுக்க வேண்டாம். நிறுத்தக் கட்டணத்தை உயர்த்தி, அந்தப் பணத்தை அதே தடத்தின் பேருந்துக்குக் கொடுக்கலாம்.