மீட்டருக்கு உயிர் கொடுங்கள்

சென்னையில் ஆட்டோ மீட்டர்கள் ஓடாததற்கு ஓட்டுநர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று அரசு கட்டணம் நிர்ணயித்தது 2013 ஆகஸ்டில். அப்போது பெட்ரோல் லிட்டர் சுமார் 75 ரூபாய். பின்னர் அது நூறைத் தாண்டிவிட்டது. உதிரிபாகம், காப்பீடு, வீட்டு வாடகை எல்லாம் ஏறின. கட்டணத்தை மட்டும் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்டால் மீட்டரை யார் போடுவார்?

அந்த இடைவெளியில்தான் செயலிகள் நுழைந்தன. பேரம் பேசும் எரிச்சல் ஓரளவு குறைந்தது உண்மை. ஆனால் மழை கொட்டினால் கட்டணம் எகிறுகிறது. முன்பதிவை ஏற்றவரே போன் செய்து, “எங்க போகணும்? மேல அம்பது போட்டுக் குடுங்க” என்கிறார்; மறுத்தால் பயணம் ரத்து. திறன்பேசி இல்லாத முதியவருக்கோ பழைய பேரம்தான் கதி.

கட்டணத்தைத் தனியார் கணக்கீட்டுக்கு விட்டுவிட்டு அரசு வேடிக்கை பார்க்கக் கூடாது. எரிபொருள் விலையோடு இணைத்து ஆண்டுதோறும் கட்டணத்தைத் திருத்த வேண்டும். செயலிகள் வசூலிக்கும் தொகைக்கும் உச்சவரம்பு தேவை. இவற்றைச் செய்த பிறகும் மீட்டர் போட மறுப்பவர்கள் மீது தயங்காமல் நடவடிக்கை எடுக்கலாம். கட்டுப்படியாகும் கட்டணத்தைத் தந்த பிறகே கண்டிப்புக்கு நியாயம் இருக்கும்.